காற்றிறங்கிய சைக்கிள்

கேள்வி: டீச்சருக்கு வணக்கமுங்க. திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து லைன் வீட்டில் எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன். அப்பா போன வருஷம் விபத்தில் தவறிவிட்டார். அம்மா பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட். வீடு வர ஒன்பது மணியாகிவிடும். பையன் பள்ளி விட்டு வந்தால் படியிலேயே உட்கார்ந்திருக்கிறான், பேச்சே இல்லை. அவங்கப்பா சைக்கிளும் காற்றிறங்கிப் பக்கத்திலேயே நிற்கிறது. நான் பத்தாவது ஃபெயில். என்ன சொல்லித் தேற்றுவது?

பதில்: ஒன்றும் சொல்ல வேண்டாமுங்க தம்பி. "அம்மா படற பாட்டைப் பாரு, நீதான் காப்பாத்தணும்" என்று ஊரே அவனிடம் சொல்லியிருக்கும். நீங்களும் அதில் சேர வேண்டாம்.

சென்னிமலையில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, எங்கப்பா வாரக் கூலியைக் குடித்துவிட்டு வருவார். சத்தம் கேட்டதும் பக்கத்துத் தறிவீட்டு அத்தை, "அம்முணி, தார் சுத்த ஆளில்லை, வா" என்று கூப்பிடுவார். தறிக்கு நூல் சுற்றும் ராட்டை முன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். அப்புறம் ஒரு வட்டில் அரிசிம்பருப்புச் சோறு. ஏன் அழுதாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நான் சுற்றியதில் பாதி தொளதொளவென்றிருக்கும்; நான் தூங்கியபின் அவரே பிரித்துச் சுற்றியிருக்கிறார் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னர் குழுவினர் பல பத்தாண்டுகள் கவனித்து வந்தார்கள். வறுமையும் வீட்டுச் சண்டையுமாக வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். பாசமாக, நிலையாக இருந்த பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு வாய்த்திருந்தார். பெற்றவராகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை. அத்தைக்கு இதெல்லாம் தெரியாது.

அதற்காகக் கடையில் வேலைக்கு வைத்துவிடாதீர்கள். 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அந்தச் சைக்கிளை அவனே சரிபண்ணட்டும். டியூபைத் தண்ணீரில் முக்கி, குமிழி கிளம்பும் இடத்தை அவனே தேடட்டும். நீங்கள் முந்திக் காட்டாதீர்கள். தினம் அரை மணி நேரம், அதே நேரம். வர முடியாத நாளை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சொல்லாமல் காணாமல் போன ஆளை அவன் ஏற்கெனவே பார்த்துவிட்டான். யாராவது அடிக்கிறார்கள், படிப்பை நிறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள்.

சைக்கிளைத் தொடுமுன் ஒன்பது மணிக்கு அவன் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி.