டெக்கிங்கா, பேட்டியோவா என்பதற்கு முன் அந்த 93 பவுணைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் லண்டன் ஹரோவில் வசிக்கிறோம். எங்கள் பின்வளவு வடக்குப் பார்த்தது. பக்கத்து வீட்டு மரமும் சேர்ந்துகொள்வதால் பெரும்பாலும் நிழல்தான். பின்கதவடியில் கிடக்கும் பழைய சிமெந்துக் கற்கள் சில தாழ்ந்து, மழைத்தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்துவிட்டன. ஜூலையில் மகளின் சாமத்திய வீடு. கனடாவில் இருந்து வரும் மச்சாள் குடும்பம் எங்களோடுதான் தங்கும். மண்டபத்தில் விழா முடிந்த மறுநாள் எல்லோரும் வீட்டில் இருந்து சாப்பிடுவதற்கு நல்ல டெக் (பலகைத் தளம்) ஒன்று போடும்படி மச்சாள் வற்புறுத்துகிறார். 24 சதுர மீற்றருக்குக் கொம்போசிட் டெக்கிங் 8,900 பவுண் என்றும் போர்சலின் கல் பதித்த பேட்டியோ 5,600 பவுண் என்றும் விலை சொல்லியிருக்கிறார்கள். 2020இல் குசினி திருத்த எடுத்து, 2023இல் காருக்காகக் கூட்டிய வங்கிக் கடனில் இன்னும் 6,100 பவுண் இருக்கிறது. மாதம் 235 பவுண் வீதம் 30 மாதம் கட்ட வேண்டும். அதையும் டெக்கிங்கையும் சேர்த்து 15,000 பவுணாக ஐந்து வருடத்துக்குத் தருவதாகவும், மாதம் 93 பவுண் மட்டுமே கூடும் என்றும் வங்கி சொல்கிறது. எதைப் போடுவது நல்லது?

பதில்: சகோதரி, நிழல் விழும் பின்வளவுக்குப் பேட்டியோதான் பொருத்தம், அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது கடைசியில் வரும் கடன் கதை. ஒரு கடன் முடிவதற்கு முன்பே அதன் மேல் இன்னொன்றை ஏற்றி, மாதத் தவணை எவ்வளவு கூடுகிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. குசினி, கார், இப்போது டெக்கிங் என்று பார்த்தால், 2020இல் இருந்து ஒரு நாளாவது நீங்கள் கடன் இல்லாமல் இருந்ததில்லை.

கணக்கைப் பருமட்டாகப் போட்டுப் பார்ப்போம். இப்போதைய கடனை அப்படியே விட்டால், 235 பவுண் வீதம் 30 மாதத்தில் 7,050 பவுண் கட்டி முடித்துவிடுவீர்கள். வங்கி சொல்லும் புதிய கடனில் மாதம் 328 பவுண் வீதம் 60 மாதம் கட்ட வேண்டும்; அது ஏறத்தாழ 19,700 பவுண். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12,650 பவுண். அதாவது 8,900 பவுண் டெக்கிங்குக்கு உண்மையில் நீங்கள் கொடுக்கப்போகும் விலை அதுதான். மாதம் 93 பவுண் என்ற பேச்சில் மறைந்துபோவது, இரண்டரை வருடத்தில் உங்கள் கைக்குத் திரும்ப வேண்டிய 235 பவுண், அதன் பின்னரும் இன்னொரு இரண்டரை வருடத்துக்கு வங்கிக்கே போய்க்கொண்டிருக்கும் என்பதே.

ஆகவே அந்த 93 பவுண் உங்களால் உண்மையிலேயே முடியும் என்றால், அதைப் பழைய கடனுக்கே மேலதிகமாகக் கட்டுங்கள். இந்த நாட்டில் இத்தகைய தனிநபர் கடனை முழுவதுமாகவோ பகுதியாகவோ முன்கூட்டியே அடைப்பது உங்கள் சட்டபூர்வ உரிமை. கட்டும்போது, தவணையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று வங்கிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மாதம் 328 பவுண் போனால் ஏறத்தாழ 21 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். அதே 328 பவுணை அடுத்த பத்து மாதம் ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டால் கையில் 3,280 பவுண் இருக்கும். அந்த நேரத்தில், வங்கி சொன்ன வழியில் போயிருந்தால், இன்னும் 29 தவணைகள் மீதமிருந்திருக்கும்.

3,280 பவுணுக்கு 24 சதுர மீற்றர் வராது என்பது உண்மை. ஆனால் உங்களுக்கு அவ்வளவு தேவையும் இல்லை. வடக்குப் பார்த்த பின்வளவில், கோடையில் வெயில் விழுவது வீட்டுச் சுவரை ஒட்டிய இடத்தில் அல்ல, வளவின் கடைசிப் பகுதியில். மரத்தின் நிழல் எங்கே விழுகிறது என்பதை ஒரு சனிக்கிழமை முழுவதும் கவனித்து, வெயில் படும் இடத்தில் 12 சதுர மீற்றர் அளவில் தளம் போட்டால் ஒரு மேசையும் எட்டுக் கதிரையும் தாராளமாக வைக்கலாம். சொன்ன விலையில் பாதி 2,800 பவுண். மண் அகற்றும் செலவு போன்றவை அப்படியே பாதியாகிவிடாது என்பதால் 3,200 பவுண் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி டெக்கிங்கைப் பற்றி. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த கொம்போசிட் பலகையை, பராமரிப்பே தேவையில்லை, 25 வருட உத்தரவாதம் என்று இப்போது எல்லா இடத்திலும் விற்கிறார்கள். பலகை உக்காது என்பது சரி. ஆனால் நிழலும் ஈரமும் உதிர்ந்த இலையும் சேரும் இடத்தில் அதன் மேலும் பாசி படியும்; நவம்பர் மாதக் காலையில் அதில் கால் வைத்தால் வழுக்கும். பலகையைத் தாங்கும் சட்டங்கள் பெரும்பாலும் சாதாரண மரம்தான். காற்றோட்டம் இல்லாத ஈர நிலத்தில் அவை பலகைக்கு முன்பே உக்கும். இடைவெளியில் விழும் சோற்றுப் பருக்கைக்கு எலி வந்து கீழேயே குடியிருக்கவும் கூடும். விற்பவரிடம் உத்தரவாதப் பத்திரத்தை வாங்கி, பாசிக்கும் கீழ்ச்சட்டத்துக்கும் அதில் இடமிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். நிலம் சரிவாக இருந்தாலோ, மரவேர் காரணமாகக் கிண்ட முடியாமல் இருந்தாலோ மட்டுமே நான் டெக்கிங்கை யோசிப்பேன்.

பேட்டியோவிலும் கல்லைப் பார்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் இருந்து வரும் மணற்கல் அழகானது. ஆனால் தண்ணீரை உறிஞ்சும், நிழலில் பச்சை பிடிக்கும். போர்சலின் மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் உங்கள் இடத்துக்கு அதுவே சரி. வழுக்காத, சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளதைத் தெரிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டு மரம் மாநகரசபையின் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டதா என்று கிண்டுவதற்கு முன் விசாரியுங்கள். அப்படியானால் அனுமதியின்றி வேரை வெட்டக் கூடாது.

ஜூலை மாதத்துக்கு, தாழ்ந்துபோன அந்தச் சிமெந்துக் கற்களை மட்டும் கிளப்பி, புதிய சாந்தில், தண்ணீர் சுவருக்கு எதிர்ப்புறம் ஓடும் சரிவில் திரும்பப் பதியுங்கள். தளத்தின் மட்டம், நிலத்து ஈரம் மேலே ஏறாமல் இருக்கச் சுவரில் வைத்திருக்கும் ஈரத்தடுப்பு வரிக்கு 150 மில்லிமீற்றராவது கீழே இருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் உயர்த்திவிட்டால் குசினிச் சுவருக்குள் ஈரம் ஏறி, பின்பு அதற்கும் ஒரு கடன் தேவைப்படும். ஒரு வார இறுதி வேலை இது, சம்பளப் பணத்திலேயே முடியும். புல்லை வெட்டி, கதிரைகளை வாடகைக்கு எடுத்துப் போட்டால் மறுநாள் சாப்பாடு குறைவின்றி நடக்கும். மச்சாளிடம் உங்கள் கணவரே பேசட்டும். மச்சாள் அக்கறையோடுதான் கேட்கிறார். ஆனால் இரண்டு கிழமை தங்குபவரின் விருப்பத்துக்காக நீங்கள் ஐந்து வருடம் தவணை கட்ட முடியாது என்பதை, இந்தக் கணக்கைக் காட்டிச் சொன்னால் அவருக்கும் விளங்கும்.

பேட்டியோ போடும் காலம் வரும்போது, சொல்லும் விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். வேலைகாரர் ஏற்றுக்கொண்டால் முற்பணத்தைக் கடனட்டையில் கட்டி, அந்த மாதமே அட்டையை முழுவதுமாக அடைத்துவிடுங்கள். 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான விலைக்கு, ஒரு பகுதியை மட்டும் அட்டையில் கட்டியிருந்தாலும், வேலை பிழைத்தால் அட்டை வழங்கிய வங்கியிடமும் முழுத் தொகைக்கு உரிமை கோர 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு இடமளிக்கிறது. கடைசித் தவணையை, ஒரு நல்ல மழை பெய்து தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓடுகிறதா என்று பார்த்த பிறகு கொடுங்கள்.