பழைய அரசியல் பிரகடனங்களில் ஆளை மசிய வைக்கும் உத்திகள் எவை?

கேட்டவர் 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை உதாரணம் காட்டியிருந்தார். நான் திங்கள்சந்தைப் பக்கம் பத்திரம் எழுதுகிறவன். நிபந்தனையை எந்த வரியில் வைப்பது என்பதுதான் எங்கள் பிழைப்பு. பழைய ஆவணத்தையும் அந்தக் கண்ணோடுதான் படிப்பேன்.

எங்கள் ஊர் முன்பு இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் அரச அறிவிப்புக்கு 'விளம்பரம்' என்றே பெயர். சோப்புக்குப் போடுவதற்கும் இன்று அதே சொல். பொருத்தம்தான்!

பக்கத்துத் தலக்குளத்தில் பிறந்த, திருவிதாங்கூரின் தளவாயாக (முதன்மை அமைச்சராக) இருந்த வேலுத்தம்பி, 1809 ஜனவரியில் கொல்லம் அருகே குண்டறையில் வெளியிட்ட விளம்பரத்தைப் பாருங்கள். அமெரிக்கர்கள் மன்னர் செய்து முடித்த குற்றங்களை "அவர் இப்படிச் செய்தார்" என்று வரிசையாக அடுக்கினார்கள். தளவாய் அடுக்குவது இனிமேல் நடக்கப் போவதை. கும்பெனியாரை (ஆங்கிலேய கிழக்கிந்தியக் கம்பெனியை) விட்டால் அரண்மனையில் தங்கள் காவலைப் போடுவார்கள், உப்பைத் தங்கள் கையில் வைத்துக்கொள்வார்கள், வெறும் மனையைக்கூட அளப்பார்கள், தென்னைக்கு வரி வைப்பார்கள், கோவிலில் சிலுவை நடுவார்கள். நடந்ததைச் சொன்னால் 'இல்லை' என்று மறுக்க ஆள் வரும். நடக்கப் போவதை யார் மறுப்பது? அரண்மனைக்காரனுக்கு ஒரு பயம், தோப்புக்காரனுக்கு ஒரு பயம் என்று ஆளுக்கொன்று அதில் இருக்கிறது. சாதி கலந்துவிடும் என்ற பயத்தையும் சேர்த்தே கிளப்புகிறார். வீரத்தைப் பாடுகிறவர்கள் அந்த வரியை மெல்லத் தாண்டிவிடுவார்கள்.

நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைக் கலகத்துக்குப் பிறகு வந்த 1859 ஜூலை விளம்பரம் வேறு மாதிரி. நாடார் பெண்கள் ரவிக்கை போடலாம், முரட்டுத் துணியை முக்குவப் (மீனவ) பெண்களைப் போல் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம் என்று தாராளமாகப் போகிறது. கடைசியில் ஒரு 'ஆனால்': மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. முன்னால் கொடுத்த அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்குப் போட்ட பந்தல்.

எந்தச் சாதி இந்துவும் கோவிலுக்குள் போகலாம் என்ற 1936 நவம்பர் 12 ஆலயப் பிரவேச விளம்பரம்தான் எழுத்தில் கெட்டி. மொத்தமும் ஒரே வாக்கியம். "நம் சமயத்தின் உண்மையை ஆழ்ந்து நம்பி" என்று தொடங்கி, அது காலத்துக்கேற்ப மாறியே வந்திருக்கிறது என்பதையும் சொல்லி, 'சம்பிரதாயம் போச்சே' என்று கிளம்பக்கூடியவரின் வாயை முதலிலேயே அடைத்துவிடுகிறது. எதிர்த்துப் பேச இடையில் ஒரு முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. நாங்கள் போடும் 'கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு' மாதிரி ஒன்று நடுவில் வருகிறது. தடை இல்லை என்ற சேதி அதற்கும் பின்னால்தான். சுசீந்திரத்தில் 1926-லேயே கோவில் தெருவில் நடக்கச் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் பத்து வருடம் காத்திருந்தது அந்த வால் பகுதிக்காக.

இந்தத் தொடக்கத்தை எங்கோ பார்த்தோமே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 1858 விக்டோரியா மகாராணி பிரகடனம்! கிறிஸ்தவத்தின் உண்மையை உறுதியாக நம்புவதாகச் சொல்லிவிட்டு, அதை யார்மீதும் திணிக்க உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை என்கிறது. சமயம் தரும் ஆறுதலைப் பற்றிய சொல்கூட இரண்டிலும் உண்டு. எங்கள் தொழிலில் இதற்குப் பழைய பத்திரத்தைப் பார்த்து எழுதுவது என்று பெயர்.