கருவுக்குக் கம்ப்யூட்டர் போடும் மார்க்குக்குத் தனியாகப் பணம் கட்டலாமா?

ஐ.வி.எஃப் செய்யப் போகிறோம், கருவைக் கம்ப்யூட்டர் பார்த்து மார்க் போடுமாம், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றோ இரண்டோ கருதான் தேறும் என்றால் வேண்டாம். நிறைய இருந்தால் யோசிக்கலாம்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் எம்பிரியாலஜிஸ்ட் நான், லேபில் கருவை வளர்த்துப் பார்த்துக்கொள்பவள். கருவை வைத்து வளர்க்கும் எங்கள் இன்குபேட்டர் பெட்டிக்குள்ளேயே கேமரா இருக்கிறது. கருவை வெளியே எடுக்காமலே மூன்றாம் நாள் எட்டு செல் வந்ததா, ஐந்தாம் நாள் உள்ளே நீர் கோத்த உருண்டையாக, அதாவது பிளாஸ்டோசிஸ்ட் ஆனதா என்று பார்த்துவிடலாம், அது நிஜமான வசதி. மார்க் போடும் மென்பொருள், முன்பு கர்ப்பப்பையில் ஒட்டிய, ஒட்டாத கருக்களின் படங்களைப் பார்த்துப் பழகியது. உப்புத் தண்ணீரில் விதைநெல்லைப் போட்டுப் பதரைக் கழிப்பது மாதிரி, இருப்பதைத் தரம் பிரிக்கும், அவ்வளவுதான், புதிதாக ஒரு விதையைக் கொடுக்காது.

திருத்துறைப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள், குறுவை அறுத்த பணத்தில் இந்த மார்க்குக்கும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மிஞ்சியது ஒரே கரு, மார்க் குறைவு. கணவர் திரையைப் பார்த்துவிட்டு "இது பாஸா ஃபெயிலா மேடம்?" என்றார், அந்த அக்கா நிமிரவே இல்லை. நான் படத்தைப் பெரிதாக்கி, குழந்தையாக வளரும் உள் செல்கள் ஒரு பக்கம் நெருக்கமாகத் திரண்டிருப்பதையும், நஞ்சுக்கொடியாகப் போகும் வெளி வரிசை அங்கங்கே இடைவெளி விட்டிருப்பதையும் காட்டினேன். வேறு கரு இல்லை, அதைத்தான் வைத்தோம். கர்ப்பம் தங்கியதா என்பது அவர்கள் வீட்டு விஷயம், எழுத மாட்டேன். ஆனால் அந்தப் பணம் எந்த முடிவையும் மாற்றவில்லை, வேதனையை மட்டும் கூட்டியது.

வேலை போய்விடும் என்று பயந்து எழுதுகிறேன் என்று யாராவது வருவீர்கள். 2024ல் வெளியான ஆய்வில் 14 மையங்களில் 1,066 பேர்: மென்பொருள் தேர்ந்தெடுத்ததில் 46.5 சதவீதம் பேர் கர்ப்பமானார்கள், எங்களைப் போன்றவர்கள் கண்ணால் தேர்ந்தெடுத்ததில் 48.2. பெரிய வித்தியாசமில்லைதான், மென்பொருள் வேகமும் அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேகத்தால் மிச்சமாவது எங்கள் நேரம், அதற்கு நீங்கள் ஏன் பணம் கட்ட வேண்டும்?

அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பம் நின்றால் டாக்டருக்குக் கைராசி என்கிறார்கள். ஞாயிறு, பொங்கல் பாராமல் வந்து அந்தக் கருவைப் பார்த்துக்கொண்டவளை ஊரில் இன்னும் "ரத்தம் டெஸ்ட் பண்ற பொண்ணு" என்கிறார்கள். ரொம்ப நாள் ஆதங்கம்.

ஐந்தாம் நாள் எடுத்த ஒரே படத்தை வைத்து மதிப்பிடும் மென்பொருளும் உண்டு. அதனால் எத்தனை கரு தேறியது என்று தெரிந்த பிறகு கட்டலாமா என்று உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள். முதலிலேயே கட்டு என்றால், என்னைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.