புலிகள் காப்பகத்துக்குள் அனுமதியின்றி ஜீப், பைக் ஓட்டுபவர்களுக்கு அபராதம் போதுமா, சிறை வேண்டுமா?

மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் சிலர் அனுமதியில்லாமல் ஜீப்பையும் பைக்கையும் ஏற்றி, தடத்தை விட்டு இறங்கி ஓட்டி, அதைக் காணொளியாகவும் போடுகிறார்கள். பிடிபட்டாலும் பணம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இவர்களைச் சிறைக்கு அனுப்பினால்தானே அடங்குவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சிறை தேவையில்லை. வண்டியை மட்டும் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் வயல் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிறது. தாமிரபரணி ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 86,000 ஏக்கருக்கும் மேல். கார் பருவமோ பிசானப் பருவமோ, அத்தனை நிலத்துக்கும் தண்ணீர் அந்தக் காப்பக மலையிலிருந்துதான் இறங்க வேண்டும். எனவே இதைப் பொதுவான சட்டக் கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

முதலில் சட்டம். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, பிரிவு 27 சரணாலயத்துக்குள் யார் நுழையலாம் என்று வரையறுக்கிறது. பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே சொத்துரிமை உள்ளவர், பொதுச்சாலை வழியே கடந்து செல்பவர், அனுமதி பெற்றவர் போன்றோரைத் தவிர மற்றவர் நுழையக் கூடாது. அந்த அனுமதி எந்தெந்தக் காரணங்களுக்குக் கிடைக்கும் என்பதைப் பிரிவு 28 சொல்கிறது. சுற்றுலாவும் அதில் உண்டு. பிரிவு 29 இன்னும் கனமானது: உரிய அனுமதியின்றி வன உயிர்களின் வாழிடத்தைச் சேதப்படுத்துவதும் நீரோட்டத்தைத் திருப்புவதும் குற்றம். இவற்றை மீறினால் பிரிவு 51(1)இன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராத உச்சவரம்பு முன்பு 25,000 ரூபாய். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 1 லட்சமாக்கியது, அது 1.4.2023 முதல் நடைமுறையில் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத பகுதி பிரிவு 51(1சி). புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி தொடர்பான குற்றத்துக்கு, முதல் முறையே குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அதோடு 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வேட்டை தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மையப் பகுதியைப் பொறுத்தவரை 'குற்றம்' என்ற பொதுச் சொல்லே நிற்கிறது. அந்த வாசகத்தை நான் புரிந்துகொண்ட வகையில், மையப் பகுதிக்குள் அத்துமீறி வண்டி ஓட்டுவதும் இதில் அடங்கும். நம் காப்பகத்தின் மையப் பகுதியோ சுமார் 895 சதுர கிலோமீட்டர்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பக்கம், பிரிவு 54இன்கீழ் துணை வனப்பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அதிகாரி இணக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கே போகாமல் விஷயத்தை முடித்துவிடலாம். இன்னொரு பக்கம், குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றத்தை அப்படி முடிக்கவே முடியாது. கல்லூரி முடித்த ஒரு பையன் பைக்கோடு நிற்கிறான். மையப் பகுதி என்று எழுதினால் 3 ஆண்டுக்குக் குறைந்து நீதிபதியாலும் கொடுக்க முடியாது. எந்த அதிகாரிக்கும் மனம் தயங்கும். எனவே சாதாரண அத்துமீறல் என்று எழுதிக் கட்டணத்தோடு முடித்துவிடத் தோன்றுகிறது. அந்தத் தயக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். சட்டம் ஒரு கையில் அற்பத்தையும் மறு கையில் அளவுக்கு மீறியதையும் நீட்டினால், மனிதர்கள் அற்பத்தைத்தான் எடுப்பார்கள்.

இணக்கக் கட்டணத்தின் உச்சவரம்பை 2022 திருத்தம் 25,000 ரூபாயிலிருந்து 5 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. அதிகாரம் இருக்கிறது, ஆனால் உச்சவரம்பை நெருங்கும் தொகை விதிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு வனச்சரக அலுவலக வாசலில் நடந்ததை நேரில் பார்த்தேன். இரண்டு ஜீப்பில் வந்த வெளியூர்க் கூட்டம். ஆளுக்கு இவ்வளவு என்று அங்கேயே செல்பேசியில் பங்கு பிரித்தார்கள், கட்டினார்கள், ரசீதோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு வண்டியின் நான்கு சக்கரத்துக்கு அவர்கள் செலவழித்திருக்கும் தொகையில் அது சிறு பகுதிகூட இராது. அவர்களைப் பொறுத்தவரை அது நுழைவுக் கட்டணம், கொஞ்சம் தாமதமாகக் கட்டியது. அந்த ரசீதை எழுதிக்கொடுத்த வனக்காப்பாளரின் முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

'வெறும் சக்கரத் தடம்தானே, மழை பெய்தால் அழிந்துவிடும்' என்று என்னிடமே படித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அழியாது. மாஞ்சோலை மலையில் நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டிக்கு மேலே போனால் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். அந்தப் புல்லின் வேர்ப்படலம்தான் மழையைப் பிடித்து வைத்து, மாதக்கணக்கில் ஓடைகளுக்குக் கசியவிடுகிறது. ஒன்றரை டன், இரண்டு டன் வண்டி சரிவில் ஏறும்போது சக்கரம் சுழன்று அந்தப் படலத்தைக் கிழிக்கிறது. அடியில் மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காது, தடத்தோடு வழிந்து ஓடும். வடகிழக்குப் பருவமழை அந்தத் தடத்தை வாய்க்காலாக அரிக்கும். அரித்த மண் ஓடைக்கும் அணைக்கும் போகும். சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, நம்பியாறு எல்லாம் இந்த மலைத்தொடரிலிருந்து இறங்குகின்றன. ஓடையில் வண்டியை இறக்கித் தண்ணீர் தெறிக்க எடுக்கும் படம் பார்ப்பவருக்கு அழகாக இருக்கலாம். கூழாங்கல்லுக்கு அடியில் முட்டையிடும் மீனுக்கும் தவளைக்கும் அது அந்தப் பருவத்தின் முடிவு.

சமவெளியில் சகதியில் ஓடிய டயர், பார்த்தீனியம் என்ற களையின் விதையையும் உடன் கொண்டுபோகும். உண்ணிச்செடி ஏற்கெனவே காட்டின் அடிப்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. மண் கிளறப்பட்ட இடத்தில் முதலில் முளைப்பவை இப்படிப்பட்ட செடிகள்தான். இரவில் போனால் இன்னும் கேடு. மிளாவும் காட்டுமாடும் தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது. கூர்விளக்கும் சைலன்ஸர் இரைச்சலும் அவற்றைக் குடிக்கவிடாமல் திருப்பி அனுப்பும். குட்டியோடு நிற்கும் யானை திரும்பி வந்தால் வண்டிக்காரர் தப்பிவிடுவார். மறுநாள் காலையில் அதே தடத்தில் நடந்து ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர், மிரண்ட யானையின் முன் நிற்பார். அவருடைய கையில் ஒரு கம்பு மட்டும் இருக்கும்.

எனவே தண்டனை எங்கே விழ வேண்டும்? வண்டியில். சட்டத்தில் இதற்கு இடம் இல்லாமல் இல்லை. குற்றத்துக்குப் பயன்பட்டுக் கைப்பற்றப்பட்ட வாகனம் அரசின் சொத்து என்கிறது பிரிவு 39(1)(டி). மத்தியப் பிரதேச அரசு எதிர் மதுக்கர் ராவ் வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், கைப்பற்றியதாலேயே வண்டி அரசுக்குப் போய்விடாது, வழக்கு நடக்கும்போது இடைக்காலமாக விடுவிக்கும் அதிகாரம் குற்றவியல் நடுவருக்கு உண்டு என்று தெளிவுபடுத்தியது. அதுவும் நியாயம்தான், குற்றம் நிரூபணமாகாமல் ஒருவர் சொத்தைப் பறிக்கக் கூடாது. ஆனால் தண்டனை விதிக்கப்பட்டுவிட்டால், பிரிவு 51(2) வாகனத்தை அரசுக்குப் பறிமுதல் செய்ய நீதிமன்றத்துக்கு வெளிப்படையான அதிகாரம் தருகிறது. அரசுத் தரப்பில் அதைக் கேட்க வேண்டும், கேட்டால்தான் கிடைக்கும். இணக்கக் கட்டணத்தோடு முடித்தால் வண்டி அன்றே கைக்கு வந்துவிடும் என்பதால், தடத்தை விட்டு இறங்கி ஓட்டிய எந்த வழக்கையும் அப்படி முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிரிவு 27 மட்டும் போடாமல் 29ஐயும் சேர்த்து, கிழிந்த புல்வெளியை அளந்து, படம் எடுத்து, மகஸரில், அதாவது சம்பவ இடத்தில் எழுதும் பதிவில், எழுத வேண்டும். சேதம் காகிதத்தில் இல்லையென்றால் நடுவர் எதை வைத்துத் தண்டிப்பார்?

அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்குள் சாலையை விட்டு இறங்கி ஓட்டினால் 6 மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அங்கே 1990இல் வந்த இன்னொரு சட்டம். பூங்காவின் வளத்தைச் சேதப்படுத்தியவர் சீரமைப்புச் செலவுக்குப் பொறுப்பு. சேதம் செய்த வாகனமே அந்தக் கடனுக்கு ஈடாக நிற்கும். வசூலாகும் பணத்தைச் சேதத்தைச் சீர்செய்யவே செலவிட வேண்டும். அவர்கள் ஊரில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. இந்த ஒரு ஏற்பாட்டை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எவ்வளவு என்பதில் கண்டிப்பாக வேறுபாடு வேண்டும். பாபநாசம் செக்போஸ்ட் தாண்டியதும் தெரியாமல் தவறான கிளைப்பாதையில் திரும்பிய குடும்பத்தையும், திட்டமிட்டு இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு நுழைந்தவர்களையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. முன்னவரை எச்சரித்து அனுப்பலாம். விலங்கைத் துரத்தியவர், இரண்டாம் முறை வந்தவர், பணம் வாங்கிக்கொண்டு பிறரைக் கூட்டிப்போனவர், இந்த மூவருக்கும் நான் இரக்கம் காட்ட மாட்டேன். சிறை என்று ஒன்று இருப்பது இவர்களுக்காகத்தான். காரையாறு, மயிலாறு, இஞ்சிக்குழிப் பக்கம் வாழும் காணி பழங்குடி மக்களின் கதையே வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுடைய உரிமையை ஏற்கிறது. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர் மீது பாயும் வேகம், பல லட்சம் ரூபாய் ஜீப்பைக் கண்டதும் குறைந்துவிடுமானால், அதைவிடப் பெரிய அநீதி இந்த மலையில் இல்லை. சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு, தனியார் வண்டியை நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுங்கள் என்றபோது எங்கள் மக்கள் குடும்பத்தோடு, பானை சட்டியோடு ஏறினார்கள். பொழுதுபோக்குக்கு வருகிறவர் அந்தக் கட்டுப்பாட்டை ஏற்பதில் என்ன சிரமம்?

முதல் முறை தவறிய இளைஞர்களுக்கு, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை நிபந்தனையோடு விடும் நன்னடத்தை விடுதலை இருக்கிறது. சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ வேட்டையாடியவர் போன்றோருக்குத்தான் 51(5) அதை மறுக்கிறது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கட்டச் சொல்லி நிபந்தனை விதிக்கலாம். 2023ஆம் ஆண்டின் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா சமூக சேவையை ஒரு தண்டனை வகையாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் அது அந்தச் சட்டத்தின் சில சிறு குற்றங்களுக்கு மட்டும். வன உயிரினச் சட்டத்திலும் அதைச் சேர்த்து, குறைந்தபட்சம் 3 ஆண்டு என்ற சுவருக்கும் கட்டண ரசீதுக்கும் நடுவே ஒரு படி வைக்க வேண்டும். சனி ஞாயிறுகளில் வனக்காப்பாளரின் மேற்பார்வையில் உண்ணிச்செடி வேரைத் தோண்டி எடுக்கட்டும். ஓட்டுநர் உரிமத்தையும் அந்தக் காலம் முழுவதும் நிறுத்தி வைக்கட்டும்.

நீங்கள் பார்த்த காணொளிகள் பற்றி: அவற்றை இறக்கிச் சேமித்து வையுங்கள், இணைய முகவரியையும் பார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் பிரிவு 63இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். எனவே எந்தக் கருவியில் சேமித்தீர்கள் என்பதும் தேவைப்படும். காப்பகத்தின் துணை இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நடவடிக்கை இல்லையென்றால், பிரிவு 55இன்படி வழக்குத் தொடரும் எண்ணத்தை உரிய அதிகாரிக்கு 60 நாள் முன்னறிவிப்பாகத் தெரிவித்துவிட்டு, எந்தக் குடிமகனும் நேரடியாகக் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். உங்கள் பக்கத்து ஊர் வழக்கறிஞர் எவரும் இதை எழுதித் தருவார்.