காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டே தோலில் ஒட்டும் சென்சார் ஆராய்ச்சி செய்ய முடியுமா?

கேள்வி: "ஈசிஇ இறுதியாண்டு படிக்கிறேன். உடம்பில் ஒட்டும் சென்சார், அதற்கான வயர்லெஸ் நெட்வொர்க், இந்த இரண்டிலும் ஆராய்ச்சி செய்ய ஆசை. வீடு காரைக்குடிக்குப் பக்கம். ஊரில் இருந்தபடி செய்தால் மதிப்பு உண்டா, வெளியூர் போனால்தான் நடக்குமா?"

முடியும். நான் அப்படித்தான் செய்தேன். எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பதிவு செய்து, பள்ளத்தூரில் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டில் இருந்தபடி என் முனைவர் பட்ட வேலையில் பாதியை முடித்தேன். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் நகர முடியவில்லை.

உங்கள் வீட்டில் என்ன பேச்சு ஓடும் என்று ஊகிக்க முடிகிறது. கேம்பஸில் ஐடி வேலை கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு எதற்கு ஆராய்ச்சி, அதுவும் உள்ளூரிலா என்று பெரியப்பா ஒருவர் கேட்டிருப்பார். பெரிய ஆராய்ச்சி நிறுவனங்களில் இருப்பவர்களை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. அங்கே இருக்கும் கருவிகள் நம் பக்கம் கிடையாது. ரேடியோ அலை சுவரில் பட்டுத் திரும்பாத அறை, ஆன்டெனாவைச் சோதிக்கும் நெட்வொர்க் அனலைசர் எல்லாம் வேண்டுமென்றால் நாலு நாள் பயணம் போய்த்தான் அளந்து வர வேண்டும், நானும் போனேன். ஆனால் இந்தத் துறையில் கஷ்டமான பகுதி அந்த அறைக்குள் இல்லை. வியர்க்கிற தோலிலும் சுவர் தடித்த வீட்டிலும் இருக்கிறது. அந்த இரண்டும் நம்மிடம் ஏராளம்.

2018 மே மாதம். ஆயாவுக்கு விடியற்காலையில் எழுந்தால் தலை சுற்றியது. இரண்டு முறை வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது என்னிடம் நானே செய்த பேட்ச் ஒன்று இருந்தது. நெஞ்சில் ஒட்டுவது. இதயத் துடிப்பின் மின்னலையும், உடம்பு அசைவையும், தோலின் சூட்டையும் எடுத்து குறைந்த மின்சாரத்தில் ஓடும் ப்ளூடூத் லோ எனர்ஜி வழியாக ஒரு ரிசீவருக்கு அனுப்பும். கல்லூரி ஆய்வகத்தில் மூன்று மாதம் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) தவறாமல் ஓடியது. அந்த நம்பிக்கையில் ஆயாவிடம் கேட்டு ஒட்டினேன்.

(வீட்டுப் பெரியவரை வைத்துப் பரிசோதனை செய்தாயா என்று யாராவது கேட்பீர்கள். ஆயாவின் தரவு ஒரு வரிகூட என் ஆய்வேட்டில் இல்லை. ஆய்வேட்டில் இருப்பதெல்லாம் நெறிமுறைக் குழு அனுமதி வாங்கி, கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தவர்களிடம் பின்னால் எடுத்தது. ஆயாவுக்கு மருந்தும் என் பேட்சைப் பார்த்துக் கொடுக்கவில்லை. மதுரையில் டாக்டர், இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் ஹோல்டர் கருவியை 24 மணி நேரம் மாட்டிப் பார்த்து, ரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் குறைத்தார், தலைசுற்றல் நின்றது.)

முதல் ராத்திரியின் பதிவைக் காலையில் திறந்தால் பாதிக்குப் பாதி வெற்றிடம். பத்தரை மணிக்கு மேல் ஒன்றுமே இல்லை, நடுவில் இருபது நிமிடம் வருகிறது, மறுபடி இல்லை. மென்பொருளில் தப்பு என்று இரண்டு நாள் தேடினேன். தப்பு அங்கே இல்லை.

ஆயா வளவுத் தாழ்வாரத்தில் பாய் விரித்து, இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பார். பழைய வீட்டில் பிளக் பாயிண்ட் இருந்த இடம் பக்கத்து அறை. அங்கே இருந்த இரும்புப் பெட்டகத்தின் மேல்தான் ரிசீவரை வைத்திருந்தேன். ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலையைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும், நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆயா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் பேட்சுக்கும் ரிசீவருக்கும் நடுவில் அவர் உடம்பே நின்றது. அது மட்டும் 20 டெசிபலுக்கு மேல் இழப்பு, அதாவது போய்ச் சேர்வது சக்தியில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே. அதற்கு மேல் சுண்ணாம்புச் சுவர். என் கையால் அளந்தால் ஒரு முழத்துக்கு மேல் கனம். அதற்கும் மேல், அலையை அப்படியே திருப்பி அடிக்கிற இரும்புப் பெட்டகம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி ரிசீவரைத் தாழ்வாரத்துத் தூணில் ஆள் உயரத்துக்கு மேலே கட்டினேன். மூன்று மாதம் நான் எழுதிய அல்காரிதம் செய்யாததை அந்த ஐந்து மீட்டர் ஒயர் செய்தது. அப்போதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. இந்த அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நேராக வருவதும், சுவரில் பட்டு வருவதும் சேர்ந்து ஓரிடத்தில் கூடும், கொஞ்சம் தள்ளினால் ஒன்றையொன்று அழித்துவிடும். தூணில் சாக்பீஸால் கோடு போட்டு, விரல் விரலாக நகர்த்தி நல்ல இடத்தைக் கண்டுபிடித்தேன்.

அப்புறம் இரண்டாம் கட்டு, வளவுக்குப் பின்னால் இருக்கும் பகுதி. ஆயா அடுப்படிக்குப் போனதும் சிக்னல் அறுந்துவிடும். வளவில் மைனஸ் 62 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அளவு) காட்டியது அடுப்படியில் மைனஸ் 93. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் வீடுகள் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாகப் போகிறவை என்று உங்களுக்கே தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் கனத்த சுவர், தேக்குக் கதவு. கதவு திறந்திருந்தால் வாசல் வழியே அலை வழுக்கிக்கொண்டு வரும், சாத்தினால் போச்சு. பகலில் நன்றாக ஓடியது ராத்திரியில் ஓடாததற்கு அதுவும் காரணம்.

இதற்கு நான் இரண்டு வேலை செய்தேன். ஒன்று, அடுப்படியில் இன்னொரு ரிசீவர். உடம்பைச் சுற்றிய நெட்வொர்க்குக்கென்றே 2012இல் வந்த ஐஇஇஇ 802.15.6 தரத்திலேயே நடுவில் ஒரு கருவி சிக்னலை வாங்கி அடுத்ததற்குக் கொடுக்கிற இரண்டு தாவல் முறை இருக்கிறது. நான் அந்தத் தரத்து சிப்பைப் பயன்படுத்தவில்லை, யோசனையை மட்டும் எடுத்து ப்ளூடூத்தில் செய்தேன். இரண்டாவது, பேட்சுக்குள்ளேயே நினைவகம். நொடிக்கு 250 அளவீடு, ஓர் அளவீட்டுக்கு 2 பைட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.8 மெகாபைட். 8 மெகாபைட் சிப் ஒன்று போட்டால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். தொடர்பு அறுந்தால் சேர்த்து வைத்து, கிடைத்ததும் அனுப்ப வேண்டியதுதான். உடனுக்குடன் எச்சரிக்கை வேண்டிய நோயாளிக்கு இது போதாது. ஆயாவுக்குப் போதும்.

இதெல்லாம் அலைக் கதை. தோல் கதைதான் என்னை அதிகம் படுத்தியது.

நாலாம் நாள் ஆயா கூப்பிட்டார். "ஐயா, இந்த பிளாஸ்திரி கடிக்குதுய்யா, எடுத்துர்றியா?" ஓரத்தைப் பிடித்து மெதுவாகத்தான் இழுத்தேன். அடியில் தோல் சிவந்து சதுரமாகப் பதிந்திருந்தது. விளிம்பு முழுவதும் வியர்வை காய்ந்த உப்பு, கோலமாவு சிந்தியது போல வெள்ளையாக. ஒரு மூலையில் மேல்தோல் பசையோடு சேர்ந்து வந்துவிட்டது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை, அந்த இடத்தில் தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துக்கொண்டு, "உனக்கு வேணுமின்னா இந்தப் பக்கம் ஒட்டிக்க" என்று மற்றப் பக்கத்தைக் காட்டினார். நான் ஒட்டவில்லை. அந்த மூலையில் வந்த தோல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வயதானவர்களின் தோல் மெல்லியது, அதில் அக்ரிலிக் பசை கூடாது, சிலிக்கோன் பசைதான் மென்மையாக உரிந்து வரும் என்பதை அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டும். சிலிக்கோனுக்கு மாறினால் வேறு தொல்லை. நம் ஊர் மே மாத வியர்வைக்கும், குளித்துவிட்டுத் தடவும் எண்ணெய்க்கும் அது அரை நாளில் கழன்றது. ஓரத்தில் காற்றுப் போக ஓட்டைகள் வைத்து, வியர்வை வெளியேற வழி விட்டு, பேட்சின் அளவைப் பாதியாகக் குறைத்து, ஏழாவது வடிவத்தில்தான் இரண்டு நாள் நின்றது.

இந்த இடத்தில் நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோலில் ஒட்டும் மின்முனை வெள்ளி, அதன் மேல் வெள்ளி குளோரைடு. உடம்புக்குள் மின்சாரத்தை நகர்த்துவது அயனிகள், ஒயரில் நகர்த்துவது எலக்ட்ரான்கள். இரண்டும் கைமாறும் இடம் அந்த வெள்ளி குளோரைடுப் பூச்சு. பூச்சு சரியில்லை என்றால் துடிப்பு அலையின் அடிக்கோடு ஆடிக்கொண்டே இருக்கும். இது முழுக்க முழுக்க மின்வேதியியல். அதற்கென்றே நாட்டின் மத்திய ஆய்வுக்கூடம், சிக்ரி, காரைக்குடியில்தானே இருக்கிறது! அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது. அங்கே பி.டெக். படித்த நண்பர் ஒருவர் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எனக்கு இந்தப் பூச்சை விளக்கினார். நான் புத்தகத்தில் ஒரு வருடம் முட்டி மோதியது அன்றைக்குத்தான் புரிந்தது. ஊரில் இருந்தால் ஆள் கிடைக்காது என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இந்தத் துறையின் பெரிய வேலைகளையும் படியுங்கள். 2011இல் ஜான் ரோஜர்ஸ் குழு இலினாய் பல்கலைக்கழகத்திலிருந்து சயன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையில் தொடங்கலாம். தோலின் மென்மையோடு ஒத்துப்போகிற மெல்லிய மின்சுற்று. கம்பிகளை நேராகப் போடாமல் சிக்குக் கோலம் மாதிரி வளைத்து வளைத்துப் போட்டிருப்பார்கள், தோல் இழுபட்டால் வளைவு நிமிரும், கம்பி அறுந்துபோகாது. எனக்கு அந்தப் படம் பார்த்த அன்று தூக்கம் வரவில்லை.

ஆனால் படிக்கும்போது யார் தோலில், எந்த அறையில் சோதித்தார்கள் என்றும் பாருங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தெரியுமே, தோல் வழியாக வெளிச்சம் விட்டு ரத்தத்தில் ஆக்சிஜனைப் பார்ப்பது. கருத்த தோலில் அது ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டிவிடுகிறது. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஆக்சிஜன் குறைந்தும் கருவி சரி என்று காட்டிய நிலை, வெள்ளையரை விடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. இத்தனை வருடம் ஆஸ்பத்திரிதோறும் இருந்த கருவி! அப்படியென்றால் நம் நிறத்திலும் நம் வெயிலிலும் நாம் சோதித்துப் பார்க்காமல் யார் பார்ப்பார்கள்?

நம் வீடுகளில் சிக்னலை அளந்ததைத்தான் ஒரு மாநாட்டுக்கு எழுதி அனுப்பினேன். "இப்படிப்பட்ட வீடுகள் அரிது, வழக்கமான அலுவலக அறையில் சோதித்து மீண்டும் அனுப்பவும்" என்று திருப்பி அனுப்பினார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் இதே மாதிரி வீடுகள் நிற்கின்றன, பெரும்பாலும் வயதானவர்கள் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் எங்கெங்கோ. யாருக்கு இந்த பேட்ச் வேண்டுமோ அவர்கள் இருக்கும் வீடு அரிதாம். அடுத்த வருடம் வேறொரு இதழ் அதே கட்டுரையை, ஒரு வரியும் மாற்றாமல், எடுத்துக்கொண்டது.

வீடு என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க எங்கள் தெருவிலேயே இன்னொரு வீட்டையும் அறை அறையாக அளந்திருந்தேன். பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் பூட்டிக் கிடந்த வீடு. போன வருடம் போனால் தூண்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. நிலைக்கதவு, ஜன்னல், ஆத்தங்குடிக் கல் எல்லாம் தனித்தனியாக விலை பேசியாகிவிட்டது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கை மூன்று தலைமுறை தொட்டுத் தொட்டு வழவழப்பாக்கி வைத்திருந்தார்கள். அதை ஏதோ ஊர் ஹோட்டலில் அலங்காரத்துக்கு நிறுத்தப் போகிறார்கள். விற்றவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாது, திட்ட உரிமையில்லை. ஆனால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரைப் பார்க்காதீர்கள், அவர் மாணவரோடு களத்துக்கு வருவாரா என்று பாருங்கள். பதிவு செய்யும் முன்பே மூவாயிரம் ரூபாய்க்குள் ஒரு ப்ளூடூத் டெவலப்மெண்ட் போர்டு வாங்கி, உங்கள் வீட்டில் அறை அறையாக சிக்னலை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். கதவு திறந்தும் சாத்தியும், ஆள் குறுக்கே நின்றும் நிற்காமலும். பக்கத்து வீட்டு ஆச்சி "கதிர்வீச்சு ஆகாதே" என்று பயந்தால், இது அனுப்புவது ஒரு மில்லிவாட் அளவு, அவர் காதில் வைக்கும் போன் இதைவிடப் பல மடங்கு என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் போதாது, எனக்கு நாலு முறை ஆனது.

வெறும் பசைப் பட்டையை, மின்சுற்று எதுவும் இல்லாமல், முதலில் உங்கள் நெஞ்சிலேயே நாலு நாள் ஒட்டிக்கொண்டு வெயிலில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய் வாருங்கள். எங்கே அரிக்கிறது, எந்த மூலை முதலில் கழல்கிறது என்று எழுதிவையுங்கள். அந்த நோட்டோடு வாருங்கள். ரிசீவர் நிரலும் ஏழு வடிவங்களின் வரைபடமும் என்னிடம் இருக்கின்றன, தருகிறேன்.