ஆவணப்படம் எடுத்துப் பிழைக்க முடியுமா?

கொழும்பில் இருந்துகொண்டு, புலம்பெயர்வு, அடையாளம் பற்றி ஆவணப்படம் எடுத்துப் பிழைக்க முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது. பதினான்கு வருடமாக எனக்குச் சோறு போடுவது வெள்ளவத்தைக் கல்யாண மண்டபங்கள்தான். இடையில் தொண்டு நிறுவனங்களுக்கு ஐந்து நிமிடப் படங்கள். ஒரு நிறுவனம், "யாராவது அழுகிற ஷொட் இல்லையா?" என்று கேட்டது. மிச்சக் காசு வர எட்டு மாதம்.

தொடங்கும்போது ஒன்று: "உங்கள் அடையாளம் என்ன?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். எங்கள் சனம் அடையாள அட்டையைத்தான் எடுத்து நீட்டும். சோதனைச் சாவடிப் பழக்கம். வீட்டில் பழைய பெட்டி ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பாட்டி. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், தோட்டங்களில் குடியுரிமை இல்லாமல் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாக்கினார்கள். அந்தக் கணக்கில் இவருடைய அண்ணன் அங்கே, இவர் இங்கே.

கமராவுக்கு முன்னால் இரண்டு மணித்தியாலம் இருந்தும், "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு" என்பதைத் தாண்டவில்லை. சரி, போதும் என்று மைக்கைக் கழற்றினேன். அவர் எழுந்து தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார். அப்புறம் தகரப் பெட்டியைத் திறந்து, அண்ணன் கூடலூரிலிருந்து போட்ட நீலக் கடிதமொன்றை எடுத்தார். மடிப்பில் கிழிந்து, சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

"கோச்சி நகர்ற வரைக்கும் ஜன்னல் கம்பிய விடல தம்பி. ஏறுனவங்களும் அழுவாங்க, ஏத்திவிட வந்தவங்களும் அழுவாங்க. அதுனாலதான் அதுக்கு ஒப்பாரிக் கோச்சின்னு பேரு."

தலைமன்னார் வரை கோச்சி, அதாவது ரயில்; அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல்.

மைக் என் சட்டைப் பையில் கிடந்தது. நான் நிறுத்த மறந்த கமரா மட்டும் மேசையில் ஓடிக்கொண்டிருந்தது. பதிந்ததில் பாதி கேத்தல் இரைச்சல். மூன்று நாள் மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். இரைச்சலை எடுத்தால் குரலும் சேர்ந்து போகிறது. விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பேட்டி முடிந்தாலும் ஒலிப்பதிவை நிறுத்துவதில்லை; நிறுத்தவில்லை என்பதை அவர்களிடம் சொல்லிவிடுவேன்.

அடுத்த வாரம் பாட்டியிடம் போட்டுக் காட்டி, படத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். முழுவதையும் கேட்டார்.

"சேத்துக்க தம்பி. கேத்தல் சத்தந்தான் கொஞ்சம் கூட."