மத்தவிலாசப் பிரகசனத்தை மேடையேற்ற ஆடை, நடிகர் தேர்வு, மேடை அமைப்பு: எப்படித் திட்டமிடுவது?

உங்கள் கேள்வியின் சுருக்கம்: கல்லூரி நாடகக் குழு, ஏழு பேர், இரண்டு மாத அவகாசம், கையில் அதிகப் பணம் இல்லை. மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசம் என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகத்தைத் தமிழில் போட ஆசை. ‘பார்த்ததும் சிரிப்பு வருகிற மாதிரி’ ஆடை அலங்காரம் வேண்டும், யாருக்கு எந்த வேடம் கொடுப்பது, மேடையை எப்படி அமைப்பது.

நான் இந்த நாடகத்தை இரண்டு முறை இயக்கியிருக்கிறேன். முதல் முறை நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். காபாலிகனுக்கு, அதாவது மண்டையோட்டில் பிச்சை வாங்கும் சைவத் துறவிக்கு, தொப்பை கட்டினோம், பௌத்த பிக்குவுக்குக் கன்னத்தில் சிவப்பு பூசினோம். திரை விலகியதும் நல்ல சிரிப்பு. பத்து நிமிஷத்தில் அரங்கம் அடங்கிவிட்டது, அதற்கப்புறம் என்ன செய்தும் எழவில்லை. இரண்டாம் முறை வேடிக்கை அலங்காரம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, தன் தர்மத்தை உயிராக நம்புகிற மனிதர்களாக எல்லாரையும் உடுத்தினோம். முதலில் சிரிப்பு மெதுவாகத்தான் வந்தது. ஆனால் கடைசிவரை ஏறிக்கொண்டே போனது.

கதையை ஒரு முறை சொல்லிவிடுகிறேன், குழுவில் படிக்காதவர்களும் இருப்பார்கள். ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சிபுரம். சத்தியசோமன் என்ற காபாலிகனும் அவன் துணைவி தேவசோமையும் நல்ல போதையில் கள்ளுக்கடைக்கு வருகிறார்கள். பிச்சை வாங்கக் கையை நீட்டும்போதுதான் கபாலம், அவன் பிச்சை வாங்கும் மண்டையோடு, இல்லை என்று தெரிகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்ததால், எடுத்தது நாயாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பௌத்த பிக்குவாக இருக்க வேண்டும் என்று முடிவு கட்டுகிறான். அந்த நேரம் பார்த்து நாகசேனன் என்ற பிக்கு தன் பிச்சைப் பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு வருகிறான். சண்டை. பஞ்சாயத்துக்குப் பப்ருகல்பன் என்ற பாசுபதன், இன்னொரு சைவப் பிரிவுத் துறவி, வருகிறான். கடைசியில் நாயிடமிருந்து பிடுங்கிய கபாலத்தோடு ஒரு பித்தன் வந்து சேர்கிறான். அவ்வளவுதான், ஒரே அங்கம். எங்களுக்கு 55 நிமிஷம் ஓடியது.

ஆடைக்கு முன்னால் கபாலத்தைச் செய்யுங்கள். இந்த நாடகத்தின் கதாநாயகன் அந்த ஓடுதான். அதற்கு எதிராக நிற்பது பிக்குவின் பாத்திரம். ‘இதோ பார், இது என் பாத்திரம்’ என்று பிக்கு எடுத்துக் காட்டுகிறான். கண்ணுக்கு முன்னால் வேறு பொருள் இருந்தும் காபாலிகனும் தேவசோமையும் ஒப்புக்கொள்வதில்லை. நிலவு மாதிரி வெளுத்திருந்த கபாலம், பாவி இவன் அழுக்குத் துணி பட்டு இப்படி ஆகிவிட்டதே என்று அவள் புலம்புகிறாள். இது பலிக்க வேண்டுமென்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இரண்டும் வேறு வேறு என்று பளிச்சென்று தெரிய வேண்டும். பாத்திரம் கன்னங்கரேலென்று இருக்கட்டும், கபாலம் எலும்பு வெள்ளையாக இருக்கட்டும். அளவிலும் நல்ல வித்தியாசம் வையுங்கள். கபாலத்துக்கு நாங்கள் தெர்மாகோல் செதுக்கினோம். கீழே விழுந்ததும் அது துள்ளித் துள்ளி ஓடியது. இரண்டாம் முறை காய்ந்த சுரைக்குடுக்கையை அறுத்து, மேலே காகிதக்கூழ் ஒட்டி, வெள்ளையடித்து, உள்ளே கரும்பழுப்பு பூசினோம். கையில் கனமும் இருந்தது, விழுந்தால் நல்ல சத்தமும் வந்தது. பாத்திரத்துக்கு மண்சட்டி வேண்டாம், இழுபறியில் உடைந்து யார் காலையாவது கிழிக்கும். சின்ன இரும்புச் சட்டி ஒன்றின் காதை வெட்டி, விளிம்பை ராவிக்கொண்டோம்.

இதை ஏன் முதலில் செய்யச் சொல்கிறேன் என்றால், முதல் ஒத்திகையிலிருந்தே பாத்திரம் பிக்குவின் கையில் இருக்க வேண்டும், கபாலம் காபாலிகனின் கையில் இருக்கக் கூடாது. கபாலம் தொலைகிற காட்சி என்று பிரதியில் எதுவும் கிடையாது. நாங்கள் முதல் முறை, மக்களுக்குப் புரியட்டும் என்று அவன் கையில் கபாலத்தைக் கொடுத்து அனுப்பி, எங்கேயோ வைத்து மறப்பதாகக் காட்டினோம். அது தப்பு. இரண்டாம் முறை அந்தப் பையனிடம் ஒரு வாரம் கபாலத்தை ஏந்திக்கொண்டே நடக்கச் சொன்னேன், பிறகு பிடுங்கிக்கொண்டேன். இடது கை மட்டும் கிண்ணம் போல மடங்கியபடியே நின்றுவிட்டது. மேடையில் அந்த வெறுங்கையோடு அவன் மூன்று சுற்று வந்து, ஆடி, பாடி, காதல் பேசினான். அந்தக் கையில் ஏதோ இருக்க வேண்டுமே என்று சனங்களுக்குத் தோன்றிவிட்டது, அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் குனிந்து கையைப் பார்த்த நொடியில் எழுந்த சிரிப்பை எந்த ஒட்டுத் தொப்பையாலும் வாங்க முடியாது.

இனி யாருக்கு எந்த வேடம். காபாலிகன் வேடத்துக்குக் குடிகாரனாக நடிக்கத் தெரிந்தவனைத் தேடாதீர்கள், நல்ல உச்சரிப்பு உள்ளவனைத் தேடுங்கள். மூலத்தில் அவன் சமஸ்கிருதம் பேசுகிறான். தேவசோமையும் பிக்குவும் பித்தனும் பிராகிருதம், அதாவது பேச்சு வழக்கு மொழி, பேசுகிறார்கள். கள்ளுக்கடையை வேள்விச் சாலையாக அவன் வர்ணிக்கிற இடம் ஒன்று உண்டு: கடைக் கம்பம் யூபத் தூண் (பலி விலங்கைக் கட்டும் தூண்), கள் சோமரசம், குடிகாரர்கள் ரித்விக்குகள் (வேள்விப் புரோகிதர்கள்), போதையில் உளறுவது மந்திரம், பாட்டு சாமகானம் (சாமவேதப் பாட்டு). இந்த வரிகளைத் தள்ளாடிக்கொண்டு சொன்னால் வீண். பட்டிமன்ற நடுவர் போல நிமிர்ந்து நின்று, ஒரு சொல் பிசகாமல் சொல்ல வேண்டும். கால் மட்டும் ஒத்துழைக்கக் கூடாது. தமிழில் போடும்போது அவனுக்கும் பாசுபதனுக்கும் செந்தமிழும், தேவசோமைக்கும் பிக்குவுக்கும் காஞ்சிபுரம் பக்கத்துப் பேச்சுத் தமிழும் கொடுத்தோம். மூலத்தில் உள்ள இரு மொழி ஏற்றத்தாழ்வு அப்படியே வந்துவிட்டது.

தேவசோமைதான் கடினமான வேடம். காபாலிகன் அவள் பெயரை மாற்றிக் கூப்பிட்டு மாட்டிக்கொள்கிறான், குடி செய்த குற்றம் என்று சொல்லி இன்றோடு குடியை விடுகிறேன் என்கிறான். எனக்காக உங்கள் தவத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அவளே தடுக்கிறாள். இந்த மூன்று உணர்ச்சியும் இரண்டு நிமிஷத்துக்குள் மாற வேண்டும். உண்மையாகக் கோபப்படத் தெரிந்த பெண்ணுக்குக் கொடுங்கள். ஆண் பிள்ளைக்குப் பெண் வேடம் போடுவதைத் தயவு செய்து தவிர்த்துவிடுங்கள். போட்டால் பார்க்கிறவர்கள் வேடத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவள் வாதம் யார் காதிலும் ஏறாது.

பிக்குவின் முடியைப் பிடித்து இழுக்கத் தேவசோமை போகிறாள். முடி இல்லை. பிடி கிடைக்காமல் விழுகிறாள். ஆகவே மொட்டை நிஜ மொட்டையாக இருந்தாக வேண்டும். ரப்பர்த் தொப்பி வெளிச்சத்தில் நெற்றி ஓரம் சுருக்கம் காட்டிக் கொடுத்துவிடும். எங்கள் பிக்குவின் வீட்டில் திருத்தணிக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. அந்தத் தேதியைக் கேட்டு, அதற்கு நாலு நாள் கழித்து நாடகத்தை வைத்தோம். விழுகிற காட்சியை முதல் இரண்டு வாரம் பாயின் மேல் மட்டும் பழக்குங்கள். பிக்கு கை கொடுத்துத் தூக்குவதும், ‘என் மனைவியின் கையைப் பிடித்துப் பாணிக்கிரகணம் செய்துவிட்டான்’ (கைப்பிடித்துக் கல்யாணம் செய்துவிட்டான்) என்று காபாலிகன் கத்துவதும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

ஆளுக்குப் பஞ்சம் என்றால், முன்னுரையில் நாடகத்தை அறிமுகம் செய்யும் சூத்திரதாரனே பாசுபதனாகலாம். காபாலிகனாக முடியாது, ஏனென்றால் சூத்திரதாரன் சொல்லி நிறுத்துகிற வாக்கியத்தைத் திரைக்குப் பின்னாலிருந்து காபாலிகன்தான் முடிக்கிறான். சூத்திரதாரனின் மனைவியான நடியாக வரும் பெண்ணுக்குப் பித்தன் வேடத்தையும் கொடுத்துப் பாருங்கள். முன்னுரையில் இன்னொருத்தியைத் தேடிப் போன கணவனிடம் முகம் திருப்பிக்கொண்டு நின்றவள், கடைசியில் யாருக்கும் கட்டுப்படாத ஆளாகத் திரும்பி வந்து அத்தனை பேர் வழக்கையும் தீர்த்துவைக்கிறாள். எங்கள் நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

ஆடைக்குப் புத்தகம் புரட்ட வேண்டாம், ஒரு நாள் மாமல்லபுரம் போய் வாருங்கள். ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர் பொறித்த உருவங்கள் இருக்கின்றன. பெரிய பாறைச் சிற்பத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் எலும்பும் தாடியும் உங்கள் காபாலிகனுக்கு உதவும். மகேந்திரன் காலத்துக் குடைவரைகளில் வாயிற்காவலர்களின் இடுப்புக் கச்சையை எப்படி முடிச்சிட்டிருக்கிறார்கள் என்று கவனியுங்கள். அந்த ஒரு முடிச்சு போதும், வெறும் வேட்டி பல்லவர் காலத்து உடையாகிவிடும். தையல் தெரிகிற எதுவும் மேடைக்கு வரக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டோம். தேவசோமைக்கு மட்டும் உடல் நிறத்தில் உள்சட்டை, அதன் மேல் மார்புக் கச்சை, தோளில் ஒரு துணி. அந்தப் பெண்ணுக்குச் சங்கடமில்லாமல் ஓடவும் விழவும் முடிய வேண்டும், வரலாற்றுச் சரிபார்ப்பு அதற்கப்புறம்தான்.

துணி முழுவதும் காடாத் துணி. வாங்கியதும் இரண்டு முறை துவைத்துவிடுங்கள், கஞ்சி போனால்தான் உடம்போடு விழும். பிக்குவின் துவராடைக்கு வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு துணி எடுங்கள், பாத்திரம் உள்ளே இருப்பது தெரிந்தும் தெரியாமலும் இருக்க அந்த மடிப்புகள் தேவை. சடைமுடிக்குச் சணலைக் கறுப்புத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துப் பிரித்தோம். விபூதியில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள்: குழைத்துப் பூசியவுடன் ஒன்றுமே தெரியாது, போதவில்லை என்று மறுபடி பூசுவார்கள், காய்ந்ததும் சுண்ணாம்புச் சுவர் மாதிரி ஆகிவிடும். மெல்லிசாக ஒரே பூச்சு, அரை மணி நேரம் முன்பே பூசிவிட்டு விசிறிக்கு அடியில் நிற்க வையுங்கள்.

மேடைக்கு ஒரு கம்பம் மட்டும் போதும். உச்சியில் ஒரு துணிக்கொடி. அதுதான் கள்ளுக்கடை, அவன் வர்ணிக்கும்போது அதுவே யூபத் தூண். மற்றதெல்லாம் நடையில் வந்துவிடும். மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தால் அடுத்த தெரு. பழைய நாடக இலக்கணமும் அதுதான், நம் தெருக்கூத்தும் அப்படித்தான் செய்கிறது. எங்களிடம் இரண்டு மாணவர்கள் காஞ்சிபுரம் கோபுரத்தைப் பெரிய துணியில் வரைகிறேன் என்று நின்றார்கள். மகேந்திரன் காலத்தில் அந்த உயர்ந்த கோபுரம் ஏது? அந்தப் பணத்தை மிருதங்கம் வாசிக்கிறவருக்குக் கொடுத்தோம். விளக்கை முழுதாக எரிய விடுங்கள், முகம் தெரியாவிட்டால் நகைச்சுவை செத்துவிடும்.

மத விஷயம் என்பதால் யாராவது எதிர்ப்புச் சொல்வார்களோ என்றும் கேட்டிருந்தீர்கள். சீனப் பயணி யுவான் சுவாங் அதே நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்து, அதைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் நூறு பௌத்த விகாரங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட நாட்டில் அரியணையில் இருந்தவன் எழுதிய நாடகம் இது, சைவர்களில் இரண்டு வகையினரையும் பௌத்தரையும் ஒரே தராசில் நிறுத்துகிறது. அந்தத் தராசை நீங்கள் சாய்த்துவிடாதீர்கள். பிக்குவை மட்டும் கோமாளியாக்கினால் அது வசையாகிவிடும். 1917-ல் திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி இதைப் பதிப்பித்த பிறகுதான் நாம் படிக்கக் கிடைத்தது. ஆனால் கேரளக் கோயில்களில் சாக்கியார்கள் (பரம்பரை நடிகர்கள்) மத்தவிலாசத்தை வழிபாடாகவே ஆடிவந்திருக்கிறார்கள். எதிர்ப்புச் சொல்பவரிடம் இதையும் சொல்லுங்கள், கூடவே ஒத்திகைக்கும் கூப்பிடுங்கள். எங்களிடம் கோபமாகப் பேசிய பெரியவர் ஒருவர் ஒத்திகை பார்த்துவிட்டு, விபூதியை இடது கையால் எடுக்காதே என்று திருத்திவிட்டுப் போனார்.

கடைசியாக ஒன்று. பித்தன் கபாலத்தைத் திருப்பித் தருகிற இடத்தில் அவசரப்படாதீர்கள். எங்கள் பையன் அதை வலது கையால்தான் வாங்கினான். அப்புறம், ஒரு மணி நேரமாக மடங்கியே இருந்த அந்த இடது கைக்குள் மெதுவாக வைத்தான். அளவு சரியாகப் பொருந்தியது. அங்கே மிருதங்கத்தை நிறுத்திவிடுங்கள்.